டெல்டாவிலிருந்து குடும்பத்தோடு கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் 11 பேர் இரண்டு முறை கடலில் போய் வந்திருக்கிறோம். முதல் முறை நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பலில் போனோம். அடுத்த முறை சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் நான்கு இரவுகள் இருந்தோம். எங்களில் மூத்தவர் 78 வயது அப்பாயி. கடைக்குட்டிக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. அன்றிலிருந்து திருவாரூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எல்லாப் பக்கத்து உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தொலைபேசியில் கேட்டு வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் விடை எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளம்பரத்தில் பார்த்த கப்பலிலிருந்து திட்டத்தைத் தொடங்கக் கூடாது, வீட்டில் யார் எல்லோரையும்விட மெதுவாக நடக்கிறாரோ, அவரிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பலும் சொகுசுக் கப்பலும் ஒன்றுதானா?

இல்லை. நாகை கப்பல் என்பது பேருந்தைப் போல ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய் விடுவது. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கிய அந்தச் சேவையில் உங்களுக்குக் கிடைப்பது இருக்கை மட்டுமே. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவை நான்கு மணி நேரம் போலக் கடக்கிறது. சொகுசுக் கப்பலோ தங்கும் அறை, சாப்பாடு, நீச்சல் குளம், ஆடல் பாடல் எல்லாம் உள்ள மிதக்கும் விடுதி. இரவில் ஓடும், பகலில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நிற்கும்.

இருந்தாலும், குடும்பத்தில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியாத நிலையில், முதலில் நாகை கப்பலில் ஒரு முறை போய் வாருங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. பெரும் பணம் கட்டி ஐந்து நாள் கப்பலில் ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிட, நான்கு மணி நேரத்தில் கண்டுபிடிப்பது நல்லது. அந்தப் பக்கம் இறங்கினால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேசுவரமும் துறைமுகத்துக்குக் கிட்டத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணமும் நல்லூரும் அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான். இலங்கை வேறு நாடு என்பதால் கடவுச்சீட்டும் அந்த நாட்டின் நுழைவு அனுமதியும் கட்டாயம் வேண்டும். நுழைவு விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆகவே போன ஆண்டு போய் வந்தவர் சொன்னதை நம்பிப் புறப்படாமல், அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே போய் ஏற வேண்டும்?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. நாகையில் ஆழமான துறை இல்லாததால், கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கப் பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்தில், கடல் கடந்து போய்ப் பிழைத்து வந்த சபுராளிகள் வீடுகளில் அந்தக் கப்பலில் வந்த தகரப் பெட்டிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. பின்னர் அந்த இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1980-களில் தீ விபத்தோடு நின்றுபோனது.

இப்போது நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று சென்னைத் துறைமுகம். 2022 ஜூன் முதல் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் பருவத்துக்குப் பருவம் அங்கிருந்து விசாகப்பட்டினம், இலங்கை என்று போய் வந்திருக்கிறது. எல்லா மாதமும் சென்னையிலிருந்து கப்பல் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எந்தப் பருவத்தில் எந்தத் துறைமுகம் என்ற அட்டவணையைப் பார்த்த பிறகே விடுப்பு எழுதிக் கொடுங்கள். மற்றொன்று, திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே ஏறுவது. தஞ்சாவூர்க்காரருக்குச் சென்னையைவிடத் திருச்சி விமான நிலையம் பக்கம் என்பதாலும், விமானம் நான்கு மணி நேரம் போலத்தான் என்பதாலும், வயதானவர்களுக்கு இந்த வழி உண்மையில் அலைச்சல் குறைவானது.

எந்த வழியானாலும் கப்பல் புறப்படும் நாளைக்கு முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். உழவன் விரைவு வண்டியில் இரவு ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, மதியம் கப்பல் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுவோர் உண்டு. பெரும்பாலும் நடக்கவும் செய்யும். ஆனால் விழுப்புரத்துக்கு முன்னால் வண்டி மூன்று மணி நேரம் நின்றுவிட்டால், கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஓர் இரவு விடுதி வாடகையை மொத்தச் செலவில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டு நாள்காட்டிகள் உண்டு: ஒன்று கடலினுடையது, மற்றொன்று வயலினுடையது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் கிளம்பும் காலமும் அதுவே. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாகை கப்பலையும் இந்த மாதங்களில் நிறுத்திவிடுவது வழக்கம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக் கடல் கொந்தளிக்கும் என்பதால் மும்பை, கொச்சி வழிப் பயணங்களை அப்போது தவிர்க்கலாம். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நம் பக்கத்துக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும்.

நல்ல வேளையாக இது வயலுக்கும் பொருந்தி வருகிறது. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டால், மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விடும் வரை கையில் நாளும் இருக்கும், பணமும் இருக்கும். இடையில் பிள்ளைகளின் தேர்வு வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடானால், தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசியோ மே மாதமோதான் ஒரே வழி. மே மாதத்தில் கட்டணம் கூடும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, லங்காவி பக்கம் போகும் மலாக்கா நீரிணை ஒரு புறம் சுமத்திராவாலும் மறு புறம் மலாய் தீபகற்பத்தாலும் அடைபட்டிருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி அலை குறைவாகவே இருக்கும். முதல் முறை போகும் முதியவர்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

வீட்டில் பெரியவர்கள் கடல் என்றாலே பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

முதலில், அந்தப் பயத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கடற்கரை இது. நாகையில் உறவை இழக்காத தெரு குறைவு. எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பத்திலும் இழப்பு உண்டு. அதனால் அவரிடம் 'ஒன்றும் ஆகாது' என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் விடை சொன்னோம். சுனாமி அலை கரையை நெருங்கி ஆழம் குறையும் இடத்தில்தான் உயர்ந்து எழும், ஆழ்கடலில் அது கப்பலுக்கு அடியில் தெரியாமலேகூடக் கடந்துவிடும் என்பதை என் தம்பி தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். அவர் தட்டையே வெகுநேரம் பார்த்துவிட்டு, 'அப்படியானால் கரையில் இருப்பவருக்குத்தானே ஆபத்து' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வருகிறேன் என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர் அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

கப்பலில் வாந்தி வருமா? தடுக்க என்ன செய்யலாம்?

சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பேருந்தில் மலையேறும்போது குமட்டுகிறவருக்குக் கடலிலும் வர வாய்ப்பு அதிகம். காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர, சுவரைப் பார்க்கும் கண் ஆட்டம் இல்லை என்று சொல்ல, இரண்டும் முரண்படுவதால் வருவது இது. ஆகவே அறைக்குள் படுத்துக்கொண்டு கைபேசி பார்ப்பதுதான் செய்யவே கூடாதது. மேல் தளத்துக்குப் போய் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்தபடி காற்றில் உட்காருங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பலகாரமும் ஆகாது. இட்லி, தயிர்ச்சோறு போன்றவை போதும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு, முன்னதாகவே போட வேண்டும். அதில் தூக்கம் வரும் என்பதாலும், புரோஸ்டேட், கண் அழுத்தம் போன்ற தொல்லை உள்ளவர்களுக்குச் சில வகைகள் சேராது என்பதாலும், ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாயி சுக்கையும் வெல்லத்தையும் இடித்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்துக்கொண்டு வந்தார். நாகை கப்பலில் பக்கத்து இருக்கைக்காரர்கள்கூட வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எந்த அறையை எடுப்பது?

ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்ற வரிசையில் விலை ஏறும். இளைஞர்கள் பகலெல்லாம் வெளியில்தான் இருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு உள் அறை போதும். வயதானவர்களுக்கு உள் அறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் விழித்து, கழிவறைக் கதவைத் தேடித் தடுமாறுவார்கள். ஒரு ஜன்னலாவது வேண்டும்.

விலையைவிட முக்கியமானது அறை இருக்கும் இடம். நகரப் பேருந்தில் கடைசி இருக்கை எவ்வளவு தூக்கிப் போடும் என்பது நமக்குத் தெரியும்; கப்பலிலும் முன் முனையும் பின் முனையும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் எடுத்தால் ஆட்டம் குறைவு. மின்தூக்கிக்கு அருகில் இருக்கிறதா என்பதையும் தளப் படத்தில் பாருங்கள். கப்பலின் நடைபாதை எவ்வளவு நீளம் என்பது வரைபடத்தில் தெரியாது. கம்பளம் விரித்த, இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள் கொண்ட அந்தப் பாதையில், சுவரோரக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி அப்பாயி சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போக முதல் நாள் கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த நாளிலிருந்து கப்பலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்கினோம். முன்பே சொல்லியிருந்தால் ஏறும்போதே கொடுத்திருப்பார்கள்.

ஓர் அறைக்கு இரண்டு பேர் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். தனியாக ஓர் அறையில் ஒருவர் தங்கினால் ஏறத்தாழ இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட வேண்டி வரும். நால்வர் தங்கும் அறைகள் எல்லாக் கப்பலிலும் குறைவு என்பதால் அவையே முதலில் தீர்ந்துபோகும்.

சொல்லும் கட்டணத்துக்கு மேல் என்னென்ன செலவு வரும்?

இதை எழுதுவதற்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். எங்களுக்கு முன்பதிவு செய்து கொடுத்த முகவர் ஆள் ஒன்றுக்கு ஒரு தொகை சொன்னார். கடைசியில் நாங்கள் கொடுத்தது அதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 11 பேர் என்னும்போது அது ஒரு மா (ஏறத்தாழ 33 சென்ட்) நிலத்துச் சாகுபடிச் செலவைத் தாண்டிவிட்டது.

கட்டணத்தில் பொதுவாக அடங்குபவை அறை, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளை உணவு, நீச்சல் குளம், அரங்க நிகழ்ச்சிகள் ஆகியவை. அடங்காதவை துறைமுகக் கட்டணம், வரிகள், ஊழியருக்கான சேவைக் கட்டணம், குளிர்பானம், மது, இணையம், சிறப்பு உணவகங்கள், கரையில் சுற்றிப் பார்க்கும் பயணங்கள். சேவைக் கட்டணத்தை ஆள் ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு என்று கணக்கிடுவார்கள். பல கப்பல்களில் குழந்தைக்கும் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக இந்தியாவில் வாங்கினால், முகவர் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார். அது போன பணம் அன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ஆனால் யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர்தான் கேட்க முடியும். வீட்டில் கணக்கு தாக்கல் செய்பவரின் பெயரில் பணம் கட்டுங்கள்.

முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'கப்பலை விட்டு இறங்கும் வரை, நாங்கள் எதுவும் தனியாக வாங்காமல் இருந்தால், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?' விடையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையிலேயே எல்லாச் செலவும் ஏறும். அதற்கு முன்பணமாக உங்கள் வங்கி அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால் அந்தத் தொகை விடுபடச் சில நாள்கள் ஆகும் என்பதால் கிரெடிட் அட்டையைக் கொடுப்பதே நல்லது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்னதாகவே திறந்துவைக்க மறக்காதீர்கள்.

கடவுச்சீட்டு, விசா பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

இந்தியத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் போகும் பயணத்துக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும், கைக்குழந்தைக்கும், கடவுச்சீட்டு வேண்டும். திரும்பும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்குப் பத்தாண்டு, சிறுவர்களுக்கு ஐந்தாண்டு என்பதால், பெற்றோரின் கடவுச்சீட்டு சரியாக இருக்கப் பிள்ளையுடையது மட்டும் காலாவதியாகியிருப்பது அடிக்கடி நடக்கிறது. நமக்குத் திருச்சி மண்டல அலுவலகம். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. ஆதாரில் 'எஸ். மீனாட்சி', பான் அட்டையில் 'மீனாட்சி சுந்தரம்', பழைய கடவுச்சீட்டில் வெறும் 'மீனாட்சி' என்று ஒருவரே மூன்று பெயரில் இருப்பார். முன்பதிவு இணையதளமோ குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. பயணச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதை எப்படி நிரப்புவது என்று கப்பல் நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் கேட்டு, இரண்டிலும் ஒரே மாதிரி நிரப்புங்கள். துபாய் வழியாகப் போகும் கப்பலானால் இன்னும் கவனம் வேண்டும். ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டோடு சுற்றுலாவாக வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. முதல் முறை கடவுச்சீட்டு எடுப்பவர்கள் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை அல்லது கணவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால் பின்னால் அலைய வேண்டாம்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். விமானத்தில் இறங்கும்போது ஒரு முறை, கப்பல் திரும்பி வரும்போது இன்னொரு முறை என்று இரண்டு தடவை அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்பதால், பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று கையில் வந்ததும் படித்துப் பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசுடையது அன்று.

தாத்தா பாட்டியோ பெற்றோரில் ஒருவரோ மட்டும் பிள்ளையை அழைத்துப் போவதானால், வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் உடன் இருக்கட்டும்.

கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் ஏற்றுவார்களா?

ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. நீண்ட கடல் வழியானால் ஒரு வயது என்பார்கள். பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடும் கர்ப்பிணிகளையும் பொதுவாக ஏற்றுவதில்லை. அதற்கு முன்பானாலும் மருத்துவர் கடிதம் கேட்பார்கள். டயப்பர் கட்டிய குழந்தையைப் பல கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறக்க விடுவதில்லை. எங்கள் கடைக்குட்டி குளத்தைப் பார்த்து அழுத அழுகையில் அதைத் தெரிந்துகொண்டோம். சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கொண்டுபோயிருந்தால் அறைக் குளியலறையிலேயே விளையாட விட்டிருக்கலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இந்தியாவிலிருந்து புறப்படும் கப்பலில் கவலையே இல்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் சைவம் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் வடநாட்டுச் சமையல். மூன்றாம் நாள் பனீரைப் பார்த்தாலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தயிரும் வெறும் சோறும் எல்லா நாளும் உண்டு என்பதால் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கையில் இருந்தால் சமாளித்துவிடலாம். வீட்டில் சமைத்த உணவை ஏற்றும்போது தடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலமாக இருந்தால் பெரும்பாலும் விடுகிறார்கள். சுத்த சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், சர்க்கரை நோயாளி என்பதையெல்லாம் முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். கப்பலில் கிடைக்கும் காபி நம் ஊர்க் காபி ஆகாது. அதற்கு மாற்று வழி எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை.

எவற்றைக் கொண்டுபோகக் கூடாது?

கப்பலில் எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம் தீ. ஆகவே கற்பூரம், அகல், ஊதுவத்தி, மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், தண்ணீர் காய்ச்சும் கம்பிச்சுருள் ஆகியவற்றுக்கு இடமில்லை. நாள்தோறும் விளக்கேற்றாமல் தண்ணீர் குடிக்காதவர் அப்பாயி. அவருக்காகப் பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று வாங்கிப் போனோம். முதல் நாள் அதை ஏற இறங்கப் பார்த்தார்; பிறகு ஜன்னலோரம் வைத்துக் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். தேங்காய் உடைக்கும் கத்தி, அரிவாள்மனை போன்றவையும் கூடாது. கப்பலிலிருந்து பழம், பூ, உணவு எதையும் கரைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்; பல நாடுகளில் அபராதம் உண்டு.

பினாங்கில் சில மணி நேரம்தான் நிற்கும் என்கிறார்கள். அதற்குள் என்ன பார்க்கலாம்?

கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்பதால் இறங்கி நடந்தே போகலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லிட்டில் இந்தியா எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே நாகூர் ஆண்டவர் பெயரிலேயே ஒரு தர்கா இருக்கிறது; நம் கரையிலிருந்து போனவர்கள் கட்டியது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா உண்டு. அதன் முன்னால் நின்றபோது, நாகூர்க் கந்தூரிக்கு ஆண்டுதோறும் போய் வரும் என் மாமா, தன் ஊரிலேயே நிற்பது போல இருக்கிறது என்றார். இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இன்றைய கெடா. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பார்க்கப் பினாங்கிலிருந்து காரில் போகலாம், ஆனால் அரை நாள் வேண்டும். கப்பல் மாலை வரை நிற்கும் பயணமானால் மட்டும் முயலுங்கள்.

நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்குமா?

காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் காத்திருப்பார்கள் அல்லது பொறுப்பேற்பார்கள். நீங்களாகப் போயிருந்தால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். கப்பலில் ஏறியதும் எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிவையுங்கள். கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்புவது என்று குடும்பத்துக்குள் விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா?

கரை மறைந்ததும் நம் சிம் வேலை செய்யாது. அதைவிட மோசமானது, கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் அது தானாகச் சேர்ந்துகொண்டு பெரிய தொகைக்குப் பில் வருவது. எல்லோர் கைபேசியையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, ஒரே ஒருவருக்குக் கப்பல் இணையம் வாங்கினால் போதும். வீட்டில் காவலுக்கு இருப்பவரிடம் எந்தெந்த நாளில் பேச முடியாது என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு. இலவசம் அன்று, கட்டணமும் நம் ஊர் அளவில் இருக்காது. ஆகவே பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை எதையும் மறைக்காமல் காப்பீட்டுப் படிவத்தில் எழுதுங்கள்; மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கொடுக்க மாட்டார்கள். கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்பதையும் பாருங்கள். மருந்துகளை அட்டையோடும் சீட்டோடும், பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாகக் கையோடு வைத்திருங்கள்.

பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி அணிய வேண்டும் என்பதைக் காட்டும் பயிற்சி அது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று பன்னாட்டு விதி மாறியது. குழந்தை அளவு அங்கி அறையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும் என்ன கவனிக்க வேண்டும்?

ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு, மாலை போலத்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆகவே மருந்து, கடவுச்சீட்டு, குழந்தையின் பால்பொடி, மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பூட்டுங்கள். கடைசி இரவோ விடியற்காலையோ கணக்குச் சீட்டு வரும். குடிக்காத பானத்துக்கும் பார்க்காத படத்துக்கும் எங்கள் நான்கு அறைகளில் ஓர் அறைக்குக் கணக்கு ஏறியிருந்தது. காலை ஆறு மணிக்கே வரவேற்பு மேசைக்குப் போனதால் பத்து நிமிடத்தில் நீக்கித் தந்தார்கள். ஏழரைக்கு நாங்கள் சாப்பிடப் போனபோது அந்த மேசை முன் வரிசை மின்தூக்கி வரை நின்றிருந்தது.